பீட்டர்ஸ்பர்க் முற்றுகைக் கடிதங்களை வாசிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பீட்டர்ஸ்பர்க் என்றதும் நம்மில் பலருக்கு ருஷ்ய நகரமே நினைவுக்கு வருகிறது. அந்நகரமும் லெனின்கிராட் என்ற பெயரோடு இரண்டாம் உலகப் போரில் நெடுங்கால முற்றுகை ஒன்றைத் தாங்கியதால், குழப்பம் இரட்டிப்பாகிவிடுகிறது. இங்கே நான் எழுதுவது அமெரிக்க உள்நாட்டுப் போரில், வர்ஜீனியா மாநிலத்தின் பீட்டர்ஸ்பர்க் நகருக்கு வெளியே, 1864 ஜூன் 15 முதல் 1865 ஏப்ரல் 2 இரவு வரை ஒன்பதரை மாதங்கள் மண்ணுக்குள் வாழ்ந்த இரு தரப்புப் படைவீரர்களும் தத்தம் வீடுகளுக்கு எழுதிய கடிதங்களைப் பற்றி. அமெரிக்க நூலகங்களும் பல்கலைக்கழகங்களும் அவற்றை ஆயிரக்கணக்கில் மின்னுருவாக்கி, யாரும் படிக்கத்தக்க வகையில் திறந்து வைத்திருக்கின்றன. தமிழில் வரலாறு எழுதுவோரும் மொழிபெயர்ப்போரும் அவற்றை இப்போது எடுத்தாளத் தொடங்கியிருப்பது மகிழ்ச்சி தருகிறது. ஆனால் அவ்வாறு எடுத்தாளும்போது திரும்பத் திரும்ப நிகழும் சில பிழைகள், எழுதியவனையே வேறு ஆளாக்கிவிடுகின்றன.

முதற்பிழை ‘முற்றுகை’ என்ற சொல்லிலேயே இருக்கிறது. அச்சொல்லைக் கேட்டவுடன் நாம் நான்கு புறமும் அடைபட்ட கோட்டையையும், உள்ளே பசியால் வாடும் மக்களையும் கற்பனை செய்துகொள்கிறோம். பீட்டர்ஸ்பர்க் ஒருபோதும் முழுமையாகச் சூழப்படவில்லை. தென் தரப்பின் தலைநகரான ரிச்மண்டுக்கு ஏறத்தாழ 37 கிலோமீட்டர் தெற்கே, ஐந்து இருப்புப்பாதைகள் கூடும் இடத்தில் அந்நகரம் இருந்தது. ஒன்றியப் படையின், அதாவது வட தரப்பின், தலைவர் கிராண்டின் நோக்கம் அப்பாதைகளை ஒவ்வொன்றாக அறுத்து, தென்தரப்புத் தளபதி லீயின் படைக்கு உணவும் வெடிமருந்தும் வராமல் செய்வது. வெல்டன் பாதை 1864 ஆகஸ்டில் அறுபட்டது. ஆனால் மேற்கே செல்லும் சவுத்சைட் பாதை 1865 ஏப்ரல் 2 வரை இயங்கியது. ஆகவே, உள்ளிருந்த தென்தரப்பு வீரன் ஒருவன் வீட்டிலிருந்து வந்த உணவுப் பெட்டிக்கு நன்றி சொல்லி எழுதியிருந்தால், அக்கடிதம் போலி என்றோ தேதி தவறு என்றோ ஐயுற வேண்டியதில்லை. அதேபோல், வெளியே நின்ற வட தரப்பு வீரன் ‘இன்று புது ரொட்டி சாப்பிட்டேன்’ என்று எழுதியிருப்பது தாயைத் தேற்றச் சொன்ன பொய்யும் அன்று. ஜேம்ஸ் ஆறும் அப்பமாட்டக்ஸ் ஆறும் கூடும் சிட்டி பாயிண்டில், நாளுக்கு ஓர் இலட்சம் ரொட்டிகள் சுடும் அடுமனைகள் இருந்தன. அங்கிருந்து படைக்கென்றே போடப்பட்ட இருப்புப்பாதை வழியாக அவை முன்வரிசைக்குப் பின்புறம் வரை வந்து சேர்ந்தன. எதிர்வரிசையில் நின்றவனுக்குக் கிடைத்தது பெரும்பாலும் மக்காச்சோள மாவும் சிறிது உப்பிட்ட பன்றியிறைச்சியுமே.

அடுத்ததாக, தணிக்கை. உலகப் போர்க் கடிதங்களைப் படித்துப் பழகியவர்கள், ஒரு கடிதத்தில் போர் பற்றிய செய்தி இல்லையென்றால் தணிக்கையாளர் அதைத் தடுத்திருப்பார் என்று உடனே எழுதிவிடுகிறார்கள். 1861 முதல் 1865 வரை நடந்த இந்தப் போரில், சாதாரண வீரர்கள் வீட்டுக்கு அனுப்பிய கடிதங்களை முறையாகப் பிரித்துப் படிக்கும் ஏற்பாடு இரு படைகளிலும் இல்லை. போர்க்கைதிகளின் கடிதங்கள் மட்டுமே பரிசோதிக்கப்பட்டன. எனவே, பதுங்குகுழியிலிருந்து வந்த கடிதத்தில் எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறானோ, அதை அவனே சொல்லாமல் விட்டிருக்கிறான் என்றுதான் கொள்ள வேண்டும். ஏன் விட்டான் என்பதை அறிய, கடிதத்தின் முதல் வரியில் இருக்கும் விளிப்பெயரைப் பார்க்க வேண்டும். தாய்க்கும் மனைவிக்கும் எழுதும்போது வானிலை, உணவு, ஊர்ச்செய்தி என்று சுற்றி வருபவன், அண்ணனுக்கு எழுதும்போது பக்கத்தில் இருந்தவனின் தலை சிதறியதை எழுதிவிடுவான். ஒரே ஆள் ஒரே வாரத்தில் எழுதிய இரு கடிதங்களை அருகருகே வைத்துப் படிக்காமல், அவன் துணிவுள்ளவன் என்றோ அஞ்சியவன் என்றோ முடிவு கட்டுவது அவனுக்கு நாம் செய்யும் அநீதி.

தணிக்கை இல்லாமையின் மறுபக்கம் இன்னும் கடுமையானது. 1864 ஜூலை 30, சனிக்கிழமை விடியுமுன், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் நிறைந்த பென்சில்வேனியா 48-ஆம் ரெஜிமெண்ட் தோண்டிய ஏறத்தாழ 155 மீட்டர் நீளச் சுரங்கத்தின் முனையில், 8,000 பவுண்டு வெடிமருந்து வெடித்து, தென்தரப்பின் அரணை வானுக்குத் தூக்கியெறிந்தது. உண்டான பள்ளத்துக்குள்ளேயே ஒன்றியப் படையினர் போய்ச் சிக்கி, ஏறத்தாழ 3,800 பேரை இறந்தும் காயமுற்றும் பிடிபட்டும் இழந்தனர். அவர்களுள் கறுப்பின வீரர்கள் பலர், சரணடைந்த பின்னரும் கொல்லப்பட்டனர். அதைச் செய்தவர்களும் பார்த்தவர்களும் அச்செய்தியை மறைக்காமல், சிலர் பெருமையாகவே, வீட்டுக்கு எழுதினார்கள். அக்கடிதங்களைத் தமிழில் தருவோர், அவ்வரிகளைப் பொதுச் சொற்களால் மென்மையாக்கிவிடுவதை நான் கண்டிருக்கிறேன். ‘கடும் போர் நடந்தது’ என்று மாற்றினால், எழுதியவன் மறைக்காததை மொழிபெயர்ப்பாளர் மறைத்தவராகிறார். இது மன்னிக்கத்தக்க பிழையாக எனக்குத் தோன்றவில்லை.

அதே நாளைப் பற்றிய கடிதங்களில் காணப்படும் எண்களை அப்படியே எடுத்தாளுவது மற்றொரு தவறு. ‘எதிரியில் பத்தாயிரம் பேர் மடிந்தார்கள்’ என்பதுபோல் ஒரு கடிதம் கூறினால், அது எழுதியவன் தன் கண்ணால் எண்ணியதன்று. கூடாரத்துக்குக் கூடாரம் தாவிய பேச்சு. ஒரு வீரன் அறிந்தது தன் குழியையும், அதற்கு இடமும் வலமும் இருந்த சில முழத் தூரத்தையும் மட்டுமே. பேச்சு தவறாக இருக்கலாம்; ஆனால் அந்த வாரத்தில் அப்பேச்சை அவன் நம்பினான் என்பது உண்மை, அதற்காகவே அவ்வரியைப் போற்ற வேண்டும். எண்களுக்குப் படை அறிக்கைகளிடம் செல்வது நல்லது.

இதைவிட நுட்பமான தவறு, ஒரு குழியின் கடிதத்தை முற்றுகை முழுவதுக்கும் விரிப்பது. முன்காவல் வீரர்கள் நடுவெளியில் சந்தித்து, வடக்கத்திய காப்பித்தூளையும் தெற்கத்தியப் புகையிலையையும் நாளேடுகளையும் மாற்றிக்கொண்ட செய்தி பல கடிதங்களில் இருக்கிறது. படிக்க நெஞ்சை நெகிழ வைக்கும் செய்தி அது. அதை மட்டும் படித்தவர், எதிரிகள் உள்ளூர நண்பர்களாகவே இருந்தார்கள் என்று எழுதத் துணிகிறார். ஆனால் 1864 கோடையில், கறுப்பின வீரர்களைக் கொண்டிருந்த ஒன்றியத் தளபதி பர்ன்சைடின் ஒன்பதாம் கோர் (பல ரெஜிமெண்டுகள் அடங்கிய பெரும்படைப்பிரிவு) நின்ற முனையில், துப்பாக்கிச் சூடு இரவும் பகலும் ஓயவில்லை. தலையை உயர்த்தியவன் உயிரோடு இறங்கவில்லை. அதற்கு அடுத்து நின்ற ஐந்தாம் கோரின் முனையிலோ, காவல் வீரர்கள் ஒருவரையொருவர் சுடுவதில்லை என்று வாய்மொழியாக உடன்பட்டிருந்தனர். நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் இருந்த இருவர், ஒரே நாளில், இரு வேறு போர்களைப் பற்றி எழுதினார்கள். ஆகையால், எழுதியவன் எந்த ரெஜிமெண்ட், அது எந்தக் கோரில் இருந்தது, அந்த வாரம் எங்கே நின்றது என்பதைத் தேடி அறியாமல் எந்தக் கடிதத்தையும் மேற்கோள் காட்ட வேண்டாம். எனக்குத் தெரிந்தவரை, இந்த ஓர் ஒழுக்கமே பிழைகளில் பாதியைத் தடுத்துவிடும்.

மொழிபெயர்ப்புப் பிழைகள் தனி வகை. இயந்திர மொழிபெயர்ப்பு ‘பேட்டரி’யை மின்கலம் ஆக்கிவிடுகிறது; அது பீரங்கி அணி. ‘கம்பெனி’ நிறுவனம் ஆகிறது. அது ஏட்டளவில் நூறு பேர் கொண்ட படைக்கூறு. ‘பிக்கெட்’ மறியல் ஆகிறது, அது முன்காவல். ‘வொர்க்ஸ்’ என்பது வேலைகள் அன்று, மண்ணரண்கள். ‘யானையைப் பார்த்துவிட்டேன்’ என்று ஒரு வீரன் எழுதியிருந்தால், வர்ஜீனியாவில் யானை ஏது என்று திகைக்க வேண்டாம். முதன்முதலாகப் போர்க்களத்தைக் கண்டுவிட்டேன் என்பதற்கு அக்காலத்து வீரர்கள் வழங்கிய வழக்கு அது.

கடிதத் தொடக்கத்தில் வரும் வாய்பாட்டையும் தவறாகப் படிக்கிறார்கள். ‘எழுதுகோலைக் கையிலெடுத்து, நான் நலமாக இருப்பதைத் தெரிவிக்கிறேன், இச்சில வரிகள் உங்களையும் அவ்வாறே காணட்டும்’ என்ற பொருள்படும் தொடர், நூற்றுக்கணக்கான கடிதங்களில் ஏறக்குறைய மாற்றமின்றி வருகிறது. ‘நலம், நலமறிய ஆவல்’ என்று எழுதி வளர்ந்த நமக்கு இது விளங்காமல் போகக்கூடாது. காய்ச்சலில் கிடந்தவனும் அப்படித்தான் தொடங்குவான்; மூன்றாவது பத்தியில்தான் ஒரு வாரமாக எழ முடியவில்லை என்று சொல்வான். தொடக்க வரியை வைத்து அவன் உடல்நிலையையோ மனநிலையையோ கணிப்பவர், நம் தாத்தாக்களின் கடிதங்களையும் தவறாகவே படிப்பார். காதில் விழுந்தபடி எழுதிய சொற்களும் நிறுத்தக்குறியில்லாத நீண்ட வாக்கியங்களும் அவனுடைய பேச்சின் தடங்கள். அவற்றை உயர்ந்த செந்தமிழில் பெயர்த்தால், உழவர் மகனொருவன் பேராசிரியராகிவிடுகிறான். எளிய, முழுமையான தமிழே அதற்குப் பொருந்தும்.

தேதி விஷயத்தில் சுருக்கமாகச் சொன்னால், அமெரிக்கர்கள் மாதத்தை முதலிலும் நாளைப் பின்னரும் எழுதுவார்கள். 1865 ஜனவரியில் பலர் பழக்கத்தால் 1864 என்றே போட்டுவிட்டார்கள். கிழமை கொடுக்கப்பட்டிருந்தால் அதை நாட்காட்டியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். உறையையும் ஒதுக்க வேண்டாம். வட தரப்பில், ‘படைவீரர் கடிதம்’ என்று எழுதி அதிகாரி ஒருவர் சான்றொப்பமிட்டால், அஞ்சல்தலை இல்லாமலே கடிதம் செல்லும்; பெறுபவர் மூன்று சென்ட் கொடுத்து வாங்கிக்கொள்வார். தென் தரப்பில் கட்டணம் பத்து சென்ட். காகிதப் பஞ்சத்தால், வந்த உறையையே பிரித்து உட்புறம் வெளியே வருமாறு ஒட்டித் திருப்பி அனுப்பினார்கள், எழுதிய பக்கத்தையே திருப்பி முந்தைய வரிகளுக்குக் குறுக்கே எழுதினார்கள். அத்தகைய பக்கத்தைப் படியெடுக்கும்போது இரு அடுக்கு வரிகளும் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்வது பொறுமையைக் கேட்கும் வேலை.

முடிவை அறிந்துகொண்டு படிப்பது, வரலாறு தெரிந்தவர்கள் செய்யும் தவறு. 1865 ஏப்ரல் 9-இல் லீ சரணடைந்தார் என்பது நமக்குத் தெரியும். 1864 ஆகஸ்டில் கடிதம் எழுதியவனுக்குத் தெரியாது. அம்மாதம் 23-ஆம் நாள், தாம் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படுவது ஐயமே என்று லிங்கனே ஒரு தாளில் எழுதி, அமைச்சர்களிடம் உள்ளடக்கத்தைக் காட்டாமல் மறுபுறத்தில் கையெழுத்து வாங்கி வைத்தார். அப்படியிருக்க, அதே வாரத்தில் ‘இப்போர் முடியாது’ என்று எழுதிய வீரனைச் சோர்ந்தவன் என்று எப்படிச் சொல்வது? செப்டம்பர் 2-இல் தென்தரப்பின் அட்லாண்டா நகரம் வீழ்ந்த செய்தி வந்ததும், வெறும் மருந்தை வெடித்துக் கொண்டாடாமல், உண்மைக் குண்டுகளை நிரப்பி எதிரி அரண்கள் மீதே பீரங்கி வணக்கம் செலுத்தக் கிராண்ட் கட்டளையிட்டார். அதன் பிறகு எழுதப்பட்ட கடிதங்களின் குரலே மாறுகிறது. எதிர்ப்புறத்தில், 1865 பிப்ரவரியில் படையை விட்டு ஓடியவர்கள் பெருகியபோது, வீட்டிலுள்ளோர் சொல்வது தம் வீரர்களின் மனத்தைப் பெரிதும் அசைக்கிறது என்று லீ, தென் தரப்பு மாநிலமான வட கரோலினாவின் ஆளுநருக்கு எழுதினார். ஆனால் வீட்டிலிருந்து சென்ற அக்கடிதங்களில் மிகச் சிலவே நமக்குக் கிடைக்கின்றன. குழியில் நனைந்தும், அடுப்பெரிக்கப் பயன்பட்டும், எரித்து அழிக்கப்பட்டும் அவை போய்விட்டன. நாம் கேட்பது உரையாடலின் ஒரு பக்கம் மட்டுமே என்பதை மறந்து, அவன் காரணமின்றிக் கோபிக்கிறான், காரணமின்றி மன்னிப்புக் கேட்கிறான் என்று விளக்கம் எழுதிவிடக் கூடாது.

எவருடைய கடிதங்கள் மிஞ்சின என்ற கேள்வியும் இதோடு சேர்ந்ததே. பூட்டிய பெட்டியும் தலைமுறைகள் வாழ்ந்த வீடும் உள்ள குடும்பங்களிலேயே கடிதங்கள் தங்கின. 1864 ஜூன் 15 அன்று, பீட்டர்ஸ்பர்க்கின் வெளியரண்களைப் பிடித்த தாக்குதலில் கறுப்பின ரெஜிமெண்டுகள் முன்னின்றன. அவர்களுக்கு வெள்ளையருக்குச் சமமான ஊதியம் வழங்கும் சட்டத்தை அமெரிக்கப் பேரவை நிறைவேற்றியதும் அதே நாளில்தான். ஆயினும் அவர்களின் கடிதங்கள் மிகக் குறைவாகவே நம் கைக்கு வருகின்றன. பல தென் மாநிலங்களில் அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பதையே சட்டம் தடுத்தது. எழுதத் தெரிந்த தோழர் ஒருவரைக் கொண்டு எழுதினாலும், இன்னும் அடிமையாக இருந்த மனைவிக்கு அது எவர் கையைக் கடந்து போய்ச் சேரும்? குறைவாகக் கிடைப்பதால் அவர்கள் குறைவாக உணர்ந்தார்கள் என்று எண்ணுவது பெரும் பிழை.

மிஞ்சியவற்றுள் ஒரு பெரும்பகுதி, வாஷிங்டனிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் ஓய்வூதியக் கோப்புகளில் இருக்கிறது. அவற்றில் ‘இத்துடன் பத்து டாலர் அனுப்புகிறேன்’, ‘போன முறை அனுப்பியது வந்ததா’, ‘விறகும் காலணியும் வாங்கிக்கொள்ளுங்கள்’ என்ற வரிகள் மீண்டும் மீண்டும் வருவதைக் கண்டு, இவ்வீரர்களுக்குப் பணத்தைத் தவிர வேறு பேச்சில்லை என்று ஒருவர் எழுதியதைப் படித்து நான் வருந்தினேன். 1862 ஜூலை 14-ஆம் நாள் சட்டப்படி, கணவனில்லாத தாய் ஒருத்தி, போரில் இறந்த மகனின் பெயரால் உதவித்தொகை பெற வேண்டுமானால், தான் அவனுடைய வருவாயை நம்பியே வாழ்ந்ததாக மெய்ப்பிக்க வேண்டும். அதற்குச் சான்றாக, அவன் பணம் அனுப்பியதாகக் கூறும் கடிதங்களைத் தேடியெடுத்து அவள் விண்ணப்பத்தோடு இணைத்தாள். பணத்தைப் பற்றிப் பேசாத கடிதங்கள் அவளிடமே தங்கி, பெரும்பாலும் அவளோடு மறைந்தன. மாதம் எட்டு டாலருக்காக அலுவலகத்துக்குச் சென்ற மற்றவை அங்கேயே கோப்பில் கட்டப்பட்டு, இன்றுவரை அக்கோப்பிலேயே இருக்கின்றன.