ரஷோமோன்: பார்த்த பிறகு நாம் செய்யும் தவறுகள்

'ரஷோமோன் பாணிப் படம்' என்று விமர்சனங்களில் அடிக்கடி படிக்கிறோம். ஆளுக்கொரு பார்வை, உண்மை யாருக்கும் தெரியாது என்று ஒரே வரியில் முடித்தும் விடுகிறோம். ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவா 1950இல் எடுத்த அந்தப் படத்துக்கு இந்த ஒரு வரி பெரிய அநியாயம்.

முதல் தவறு, படத்தில் வரும் கொலை விசாரணையில் சாட்சிகள் எல்லாரும் தப்பிக்கப் பொய் சொல்கிறார்கள் என்று நினைப்பது. படத்தின் மூலக்கதை ஜப்பானிய எழுத்தாளர் அகுதாகவா 1922இல் எழுதியது. அதில் ஒரு சாமுராய் செத்துக் கிடக்கிறான். நான்தான் கொன்றேன் என்கிறான் கொள்ளைக்காரன். நான்தான் குத்தினேன் என்கிறாள் மனைவி. செத்தவனின் ஆவியோ, நானே குத்திக்கொண்டேன் என்கிறது. தப்பிக்கப் பார்ப்பவர்கள் பழியை ஏன் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும்? கொன்றது யார் என்பதைவிட, இவர்கள் தங்களை எப்படிக் காட்டிக்கொள்ள ஆசைப்படுகிறார்கள் என்பதுதான் கதை. கொள்ளைக்காரனுக்குத் தன் வீரம் பெரிது. இருபத்து மூன்று முறை வாள் மோதியதாகக் கணக்குச் சொல்கிறான்.

படத்துக்கு வரும்போது குரோசாவா இங்கே ஒரு சின்ன மாற்றம் செய்கிறார். கத்தியோடு நெருங்கினேன், மயங்கிவிட்டேன், விழித்தபோது கத்தி கணவன் நெஞ்சில் இருந்தது என்கிறாள் மனைவி. கதையில் அவள் கோயிலில் செய்யும் ஒப்புதல், படத்தில் விசாரணை முற்றத்துக்கு வந்துவிடுகிறது. அந்த முற்றத்தில் விசாரிக்கும் அதிகாரியின் முகமும் இல்லை, குரலும் இல்லை. காதில் விழாத கேள்விகளுக்கு, நம் பக்கம் பார்த்தபடி பதில் சொல்கிறார்கள். நம்மை அறியாமலே தீர்ப்பு சொல்லும் இடத்தில் உட்கார்ந்துவிடுகிறோம்.

இரண்டாவது தவறுதான் நிறையப் பேர் விழும் குழி: கடைசியில் விறகுவெட்டி சொல்வதுதான் நிஜம் என்று நம்புவது. மூலக்கதையில் அவன் பிணத்தைக் கண்டவன் மட்டுமே. நான்காவது கதை படத்துக்காகச் சேர்த்தது. அது நிஜம்போலத் தோன்றுவதற்குக் காரணம் எடுத்த விதம். கொள்ளைக்காரன் சொன்ன சண்டையில் பாய்ச்சலும் மிடுக்கும் இருக்கும். இங்கே இருவரும் கை நடுங்கி, தடுக்கி விழுந்து, தரையில் தவழ்ந்து சண்டை போடுகிறார்கள். பின்னணி இசை கிடையாது, மூச்சிரைப்புதான் கேட்கிறது. அலங்காரம் போனால் உண்மை வந்துவிட்டது என்று மனம் தானாக நினைத்துக்கொள்கிறது. ஆனால் மனைவியிடம் இருந்த அந்த விலையுயர்ந்த குத்துவாள் எங்கே போனது என்று கேட்டதும் விறகுவெட்டி வாயடைத்து நிற்கிறான். அவனுக்கும் மறைக்க ஒன்று இருக்கிறது. நான்கு கதைகளையும் நாம் கண்ணால் பார்த்துவிட்டோம் என்பதே பெரிய சிக்கல். எழுத்தில் ஒருவன் 'சொல்கிறான்' என்று எச்சரிக்கையாகப் படிக்கிறோம். திரையில் அதே வாக்குமூலம் நடந்த சம்பவமாகிவிடுகிறது.

படத்தின் முடிவை அகுதாகவாவின் கருத்தாக எடுத்துக்கொள்வதும் தவறு. படத்தில் இந்தக் கதைகளை உட்கார்ந்து பேசும் பாழடைந்த நகர வாசல், அங்கே பெய்யும் மழை இரண்டும் அவருடைய வேறொரு கதையிலிருந்து (1915) வந்தவை. அந்தக் கதையில் வேலை இழந்த ஒருவன் கிழவியின் துணியைப் பறித்துக்கொண்டு இருட்டில் மறைகிறான், அவ்வளவுதான். படத்தில் ஒருவன் அநாதைக் குழந்தையின் துணியைப் பறிக்கிறான். விறகுவெட்டி அந்தக் குழந்தையை வாங்கிக்கொள்கிறான், மழை விடுகிறது. அந்த நம்பிக்கை குரோசாவா தந்தது. அது பிடிக்கலாம், ஒட்டவில்லை என்றும் தோன்றலாம். எனக்கு அது வேண்டியிருந்தது.

நம்மூரில் 2004இல் வந்த 'விருமாண்டி'யையும் இதே வரிசையில் வைத்துப் பேசுகிறோம். சிறையில் கொத்தாளத் தேவர் முதலில் சொல்ல, பிறகு விருமாண்டி அதையே வேறு விதமாகச் சொல்கிறான். வடிவம் ஒன்றுபோல் இருந்தாலும் வேலை வேறு. அங்கே இரண்டாவது கதை முதல் கதையைத் திருத்துகிறது, படமும் விருமாண்டி பக்கம் நிற்கிறது. மரண தண்டனையை எதிர்க்கும் படத்துக்கு அந்தத் தெளிவு தேவை. குரோசாவாவின் படத்திலோ எந்தக் கதையும் இன்னொன்றைத் திருத்துவதில்லை.