மலை நடைக்குக் கையடக்க ஜிபிஎஸ் வாங்குகிறீர்களா? முதலில் பேட்டரியைப் பாருங்கள்

காலையில் ஏறி சாயங்காலம் இறங்கிவிடுகிற மலை, கூட வழிகாட்டியும் இருக்கிறார் என்றால் தனியாக ஒரு ஜிபிஎஸ் கருவி வாங்கிப் பணத்தைப் போடாதீர்கள். கையில் இருக்கும் போனே போதும். டவர் கிடைக்காத இடத்தில் போனில் ஜிபிஎஸ் வேலை செய்யாது என்று இன்னமும் நிறையப் பேர் நம்புகிறார்கள், அது சரியில்லை. செயற்கைக்கோள் சிக்னலை வாங்குவதற்கு சிம் கார்டே தேவையில்லை. டவர் இல்லாவிட்டால் வரைபடம் இறங்காது, முதல் தடவை இடத்தைப் பிடிக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், அவ்வளவுதான். ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்மண்ட் மாதிரி ஒரு செயலியில் அந்தப் பகுதியின் வரைபடத்தை வீட்டிலேயே இறக்கிவைத்துக்கொண்டு போங்கள்.

தனிக் கருவி யாருக்கு வேண்டும் என்றால், இரண்டு மூன்று நாள் காட்டுக்குள் தங்குகிறவர்களுக்கு, மழைக்காலத்தில் நடக்கிறவர்களுக்கு, இமயமலைப் பக்கம் குளிரில் போகிறவர்களுக்கு, அப்புறம் தாவரம், பறவை என்று களப்பணிக்காக நாள் முழுக்கத் தடம் பதிவு செய்கிறவர்களுக்கு. இவர்கள் எல்லாருக்கும் பொதுவான பிரச்சினை துல்லியம் இல்லை. வானம் திறந்திருந்தால் இன்று விற்கிற எந்தக் கருவியும் ஐந்து பத்து மீட்டருக்குள் உங்கள் இடத்தைச் சொல்லிவிடும். பொதுமக்கள் பயன்படுத்தும் சிக்னலில் அமெரிக்கா வேண்டுமென்றே பிழையைக் கலந்து நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டவைத்த காலம் 2000 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. அதனால் கடைக்காரர் 'இது எத்தனை சேட்டிலைட் பிடிக்கும் தெரியுமா' என்று ஆரம்பித்தால் அதைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, மூன்றாம் நாள் மழையில், இருட்டும் நேரத்தில் இந்தக் கருவி உயிரோடு இருக்குமா என்று கேளுங்கள்.

பேட்டரியில் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று ஏஏ செல் போடுகிற கருவி. கார்மின் ஈடிரெக்ஸ் 22எக்ஸ், 32எக்ஸ் இரண்டும் இரண்டு ஏஏ செல்லில் 25 மணி நேரம் ஓடும் என்கிறது நிறுவனம், அதே நிறுவனத்தின் ஜிபிஎஸ்மேப் 65எஸ் 16 மணி நேரம். இன்னொன்று உள்ளேயே லித்தியம் பேட்டரி வைத்து வருவது, ஜிபிஎஸ்மேப் 67 மாதிரி. அதற்கு 180 மணி நேரம் சொல்கிறார்கள். கேட்க அருமையாக இருக்கும், ஆனால் அது தீர்ந்தால் பவர் பேங்க்கைத் தேட வேண்டும், சில வருடம் கழித்து பேட்டரி தளர்ந்தால் நாமே மாற்றவும் முடியாது. ஏஏ என்றால் மலையடிவாரப் பெட்டிக்கடையிலும் வாங்கலாம். நான் இன்னமும் ஏஏ பக்கம்தான்.

ஏஏ-யிலும் எல்லாம் ஒன்றில்லை. சாதாரண அல்கலைன் செல் குளிரில் சட்டென்று இறங்கிவிடும். நம் ஊர் மலைகளுக்கு ரீசார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் செல் நல்லது, பனிப்பிரதேசத்துக்கு 1.5 வோல்ட் லித்தியம் ஏஏ. இங்கே ஒரு எச்சரிக்கை: 14500 என்று எண் போட்ட லித்தியம் அயான் செல் அச்சு அசல் ஏஏ அளவிலேயே இருக்கும், ஆனால் அது 3.7 வோல்ட். ஆன்லைனில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வரும். தெரியாமல் அதைப் போட்டால் கருவியே போய்விடலாம். செல் மாற்றியதும் அமைப்புகளுக்குள் போய் பேட்டரி வகையையும் மாற்றுங்கள். நிக்கல் செல் முழுதாகச் சார்ஜ் ஆனாலும் 1.2 வோல்ட்டை ஒட்டித்தான் நிற்கும், அல்கலைன் என்று வைத்திருந்தால் கருவி பாதி தீர்ந்துவிட்டதாகக் காட்டும்.

அடுத்தது பொத்தானா, தொடுதிரையா. கடையில் தொடுதிரைதான் கண்ணைக் கவரும். ஆனால் மழை பெய்யும்போது ஒவ்வொரு துளியும் அதற்கு ஒரு விரல்தான். வரைபடம் தானாக நகரும், பெரிதாகும், நீங்கள் தொட்டால் கேட்காது. கையுறை போட்டால் இன்னும் மோசம். பொத்தானில் எழுத்து எழுத்தாக ஒரு இடத்தின் பெயரை அடிப்பது எரிச்சலான வேலைதான், ஆனால் அது வீட்டில் உட்கார்ந்து செய்கிற வேலை. திரையைப் பொறுத்தவரை, வெயிலில் பின்விளக்கு இல்லாமலே தெளிவாகத் தெரிகிற வகைதானா என்று கடைக்கு வெளியே கொண்டுவந்து பாருங்கள். கடைக்குள் மங்கலாகத் தெரிகிற திரைதான் பல நேரம் நடு வெயிலில் பளிச்சென்று தெரியும்.

காட்டுக்குள் போகிறவர்கள் ஆன்டெனாவையும் கவனிக்க வேண்டும். ஜிபிஎஸ்மேப் வரிசையில் தலையில் ஒரு குட்டைக் குச்சி நீட்டிக்கொண்டிருக்கும், அதற்குள் சுருள் ஆன்டெனா. அதை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். ஈடிரெக்ஸில் இருப்பது தட்டை ஆன்டெனா, அதைப் படுக்கையாக, முகம் வானத்தைப் பார்க்கும்படி பிடித்தால்தான் முழு பலன். சோலைக்காட்டில் நனைந்த இலைகளுக்கு அடியிலும் செங்குத்தான பள்ளத்தாக்கிலும் சிக்னல் பாறையில் பட்டுத் திரும்பிவந்து கருவியை ஏமாற்றும். அங்கேதான் எல்1, எல்5 என்று இரண்டு அலைவரிசையையும் வாங்குகிற கருவி காசுக்கு வேலை செய்கிறது, 65எஸ், 67 இரண்டிலும் அந்த வசதி உண்டு. புல்வெளி முகட்டில் நடக்கிறவர்களுக்கு அந்தக் கூடுதல் செலவு தேவையில்லை.

22எக்ஸுக்கும் 32எக்ஸுக்கும் முக்கிய வித்தியாசம் மின்னணுத் திசைகாட்டியும் காற்றழுத்தமானியும். திசைகாட்டி வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அது இல்லாத கருவிக்கு நீங்கள் நடந்துகொண்டிருந்தால் மட்டுமே திசை தெரியும். பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் நின்று எந்தப் பக்கம் என்று யோசிக்கும்போதுதான் நமக்குத் திசை வேண்டும், சரியாக அப்போதுதான் அதன் அம்பு கண்டபடி சுற்றும். காற்றழுத்தமானி அவ்வளவு அவசியமில்லை, இருந்தால் உயரம் சீராகக் காட்டும். ராத்திரி கூடாரத்தில் இருந்த இடத்திலேயே உயரம் ஏறிக்கொண்டே போனால் அழுத்தம் குறைகிறது, வானிலை மாறலாம் என்று அர்த்தம். ஆனால் வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் தினமும் இரண்டு முறை தானாகவே ஏறி இறங்கும். அதனால் இருபது முப்பது மீட்டர் மாறினால் பயப்பட வேண்டாம்.

வரைபடம் விஷயத்தில், கருவியோடு வருவதை நம்பாதீர்கள், நம் பகுதிக்கு அதில் நெடுஞ்சாலையைத் தாண்டி அதிகம் இருக்காது. ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற, பொதுமக்களே சேர்ந்து வரைகிற இலவச வரைபடத்திலிருந்து கார்மினுக்கென்று மாற்றிய கோப்புகள் இலவசமாகவே கிடைக்கின்றன, சமவுயரக் கோடுகளோடு. மெமரி கார்டு போட இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஈடிரெக்ஸ் எஸ்இ மாதிரி சிலவற்றில் வரைபடமே கிடையாது, பேட்டரி அதில் நாள் கணக்கில் ஓடும் என்றாலும் புது இடத்துக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒற்றையடிப் பாதைகள் பல எந்த வரைபடத்திலும் இல்லை, அதனால் போகும் வழியை முன்கூட்டியே கணினியில் வரைந்து ஜிபிஎக்ஸ் (வழியையும் தடத்தையும் சேமிக்கிற கோப்பு வகை) கோப்பாக ஏற்றிக்கொண்டு போவதுதான் நல்லது. இணையத்தில் யாரோ போட்ட தடத்தை இறக்கினால், அந்தக் காட்டுக்குள் இப்போது அனுமதி உண்டா என்று வனத்துறையிடம் கேட்டுவிடுங்கள். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போன பலர் இறந்த பிறகு தமிழ்நாட்டில் மலையேற்ற விதிகள் கடுமையாகிவிட்டன, பழைய தடங்கள் இணையத்தில் அப்படியே கிடக்கின்றன.

ஆயத்தொலைவை, அதாவது ஓர் இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை எண்களை, ஏற்றும்போது எழுதும் முறையைப் பாருங்கள். 10 பாகை 30 நிமிடம் என்பது 10.5 பாகை. அதை 10.30 என்று அடித்தால் ஏறத்தாழ 22 கிலோமீட்டர் தள்ளிப் போய் நிற்பீர்கள். இந்திய நில அளவைத் துறையின் பழைய வரைபடத் தாளை வைத்திருந்தால் அது எவரெஸ்ட் என்ற பழைய அளவீட்டு ஆதாரத்தில் வரைந்தது, கருவி காட்டுவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற, ஜிபிஎஸ் பயன்படுத்தும் ஆதாரத்தில். இரண்டுக்கும் நூறு மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரலாம்.

இன்ரீச் என்ற பெயரிலோ, '67ஐ' (67i) மாதிரி மாடலிலோ, செயற்கைக்கோள் வழியாகச் செய்தியும் ஆபத்து அழைப்பும் அனுப்புகிற கருவிகள் வெளிநாட்டில் சாதாரணமாகக் கிடைக்கும். அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரரிடம் சொல்லி வாங்கிவரலாம் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். இந்தியாவில் உரிய அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம், டெல்லி, கோவா விமான நிலையங்களில் வெளிநாட்டுப் பயணிகளே அதனால் மாட்டியிருக்கிறார்கள். சிக்னலை வாங்க மட்டும் செய்கிற சாதாரண ஜிபிஎஸ் வேறு, அனுப்பவும் செய்கிற இது வேறு. மாடல் பெயரின் கடைசி எழுத்து வரை படித்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

பழையதை வாங்குவது தப்பில்லை. பேட்டரி அறையின் ஸ்பிரிங்கில் பச்சை படிந்திருக்கிறதா, பொத்தான் ரப்பர் வெடித்திருக்கிறதா, யூஎஸ்பி மூடி இறுக்கமாக மூடுகிறதா என்று பாருங்கள், தண்ணீர் உள்ளே போவது பெரும்பாலும் அந்த மூடி வழியாகத்தான். தேதி இருபது வருடம் பின்னால் காட்டினால், 2019 ஏப்ரலில் ஜிபிஎஸ் வாரக் கணக்கு திரும்பச் சுழியத்திலிருந்து தொடங்கியதை அந்தக் கருவியின் மென்பொருள் கவனிக்கவில்லை என்று அர்த்தம். இடத்தைப் பெரும்பாலும் சரியாகவே காட்டும், ஆனால் அப்டேட் இன்னும் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

கருவி வந்ததும் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் ஒரு நாள் ஒதுக்குங்கள். முதல் தடவை திறந்தவெளியில் பத்துப் பதினைந்து நிமிடம் அசையாமல் வையுங்கள். அப்புறம் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த, மரம் அடர்ந்த தெருவாகப் பார்த்து இரண்டு கிலோமீட்டர் நடந்து, அதே தடத்தில் திரும்பி அழைத்துவரச் சொல்லுங்கள். நடுவில் செல்லைக் கழற்றி மாட்டுங்கள், தடம் அழியாமல் இருக்கிறதா பாருங்கள். வீட்டுக்கு வந்து கணினியில் போட்டால் போன கோடும் வந்த கோடும் எவ்வளவு விலகுகின்றன என்பது தெரியும். தெருவின் அகலத்தைத் தாண்டி அடிக்கடி விலகினால் உடனே மாற்றிக் கேளுங்கள்.