துல்யதா தேர்வு: பத்தியைப் படித்து விடை எழுதப் பழகுவது எப்படி?

பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவர்களுக்குக் கேரளத்தில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மாநில எழுத்தறிவு இயக்கமான சாட்சரதா மிஷன் நடத்தும் பத்தாம் வகுப்புத் துல்யதா, அதாவது பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வு. 17 வயது முடிந்திருக்க வேண்டும். ஞாயிறும் விடுமுறை நாளும் வகுப்பு நடக்கும். தமிழ் வழியிலும் எழுதலாம். சேர்வதற்கு உங்கள் பஞ்சாயத்தில் மிஷன் வேலையைப் பார்க்கும் பிரேரக்கைப் பார்த்தால் போதும். இன்னொன்று தேசியத் திறந்தநிலைப் பள்ளி, அதாவது என்.ஐ.ஓ.எஸ். இதில் 14 வயதிலிருந்தே சேரலாம். ஆண்டுக்கு இரண்டு முறை பொதுத்தேர்வு, தேர்ச்சிக்கு 33 விழுக்காடு.

எதை எழுதினாலும் மொழித்தாளில் முன்பின் பார்த்திராத ஒரு பத்தியைக் கொடுத்து, கீழே கேள்வி கேட்பார்கள். மனப்பாடம் செய்ய ஒன்றுமில்லாத பகுதி என்பதால் பலர் இதற்குப் பயிற்சியே எடுப்பதில்லை. மார்க் போவதும் இங்கேதான்.

பாலக்காட்டின் கொழிஞ்சாம்பாறையில் தென்னந்தோப்பு பார்ப்பவரோ, மூணாறு எஸ்டேட்டில் கொழுந்து எடுப்பவரோ, வெயில், தண்ணீர், கூலி, வட்டி என்று எதைப் பற்றிப் பத்தி வந்தாலும் அவரிடம் சொந்தமாகச் சொல்ல நாலு விஷயம் இருக்கும். கேள்வியைப் பார்த்ததும் கை அதைத்தான் எழுதும். விடைத்தாள் திருத்துபவர் தேடுவது பத்தியில் உள்ளதை. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இந்தத் தொல்லை குறைவு. அனுபவம் உள்ளவருக்குத்தான் அதிகம். எனவே கீழே வரும் பயிற்சி முழுவதும் ஒரே பழக்கத்தைச் சுற்றியது: எழுதும் ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில், அது எந்த வாக்கியத்திலிருந்து வந்தது என்று எண் போட வேண்டும். எண் போட முடியாத விடையை எழுதக் கூடாது.

தேவையானவை

ஒரு பென்சில், ஒரு நோட்டு, நேரம் பார்க்கக் கைபேசி. பத்திகளுக்குப் பாடநூல், பழைய வினாத்தாள், தமிழ் நாளிதழ் மூன்றும் போதும். நாளிதழில் தலையங்கத்தை ஆரம்பத்தில் தொடாதீர்கள், வாக்கியங்கள் நீளம். வேளாண்மை, மருத்துவக் குறிப்பு, மாவட்டச் செய்தி ஆகியவற்றிலிருந்து 100 முதல் 150 சொல் உள்ள துண்டுகளாக வெட்டி ஒட்டிக்கொள்ளுங்கள். அரசியல் செய்தி வேண்டாம். அதில் நமக்கு ஏற்கெனவே ஒரு கட்சி இருக்கும். விடையும் அந்தப் பக்கமே சாயும்.

படி 1: கேள்வியை முதலில் படியுங்கள்

பத்தியை விட்டுவிட்டுக் கேள்விகளை ஒருமுறை ஓட்டுங்கள். ஒவ்வொன்றிலும் யார், எப்போது, எங்கே, ஏன், எத்தனை, எப்படி என்ற வினாச்சொல்லை வட்டமிடுங்கள். ‘ஏன்’ என்ற கேள்விக்கு ‘எப்போது’ என்பதற்கான விடையை எழுதுவது சாதாரணமாக நடக்கும் தவறு. கேரளப் பொதுத்தேர்வுகளில் வினாத்தாளைப் படிப்பதற்கென்றே முதல் 15 நிமிடம் ‘கூல் ஆஃப் டைம்’ என்று கொடுக்கிறார்கள். அந்த நேரத்தில் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான்.

படி 2: பத்தியை இரண்டு முறை படியுங்கள்

முதல் முறை நிறுத்தாமல் படியுங்கள். தெரியாத சொல் வந்தால் கீழே ஒரு புள்ளி வைத்துவிட்டு நகருங்கள். 120 சொல் உள்ள பத்திக்கு ஆரம்பத்தில் நான்கு நிமிடம்கூட ஆகலாம், பழகப் பழக இரண்டுக்கு வந்துவிடும். உதட்டை அசைத்தோ விரல் வைத்தோ படிப்பது தவறில்லை. பல ஆண்டு இடைவெளிக்குப் பிறகு படிக்கும் கண் வரி மாறிப் போகாமல் விரல்தான் பிடித்து வைக்கும்.

இரண்டாவது முறை ஒவ்வொரு வாக்கியத்தின் தொடக்கத்திலும் எண் போட்டுக்கொண்டே படியுங்கள்.

படி 3: எண் போட்டு விடை தேடுங்கள்

இங்கே ஒரு மாதிரிப் பத்தி. நம் ஊர்க் காற்றைப் பற்றியதுதான்.

(1) மேற்குத் தொடர்ச்சி மலை குமரி வரை ஏறத்தாழ 1600 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. (2) இந்த நெடுஞ்சுவரில் உள்ள மிக அகலமான திறப்பு பாலக்காட்டுக் கணவாய். (3) வடக்கே நீலகிரியும் தெற்கே ஆனைமலையும் நிற்க, நடுவே 30 கிலோமீட்டருக்கும் மேல் அகலமுள்ள தாழ்நிலமாக அது அமைந்துள்ளது. (4) தென்மேற்குப் பருவக்காற்று மற்ற இடங்களில் மலையில் மோதி மேலேறிக் குளிர்ந்து மழையாகக் கொட்டிவிடுகிறது. (5) கணவாயில் தடுக்க மலை இல்லாததால், காற்று வேகம் குறையாமல் கிழக்கே நுழைகிறது. (6) ஆடி மாதத்தில் பொள்ளாச்சி, உடுமலைப் பகுதிக் காற்றாலைகள் விடாமல் சுழல்வதற்கு இதுவே காரணம். (7) கோடையிலோ கிழக்கிலிருந்து வரும் வறண்ட வெப்பக்காற்று இதே திறப்பின் வழியே பாலக்காட்டுக்குள் புகுகிறது. (8) அதனால் அங்கே வெயில் கடுமையாக இருக்கிறது. (9) கோவைக்கும் பாலக்காட்டுக்கும் இடையிலான ரயில் பாதையும் நெடுஞ்சாலையும் வாளையாறு வழியாக இக்கணவாயில்தான் செல்கின்றன.

கேள்வி அ: கணவாயின் தெற்கே உள்ள மலை எது? ஆனைமலை, வாக்கியம் 3. இது நேரடிக் கேள்வி. அவசரத்தில் வடக்கே உள்ளதை எழுதாமல் இருந்தால் சரி.

கேள்வி ஆ: ஆடியில் காற்றாலைகள் விடாமல் சுழல்வது ஏன்? காற்றாலை என்ற சொல் 6இல் இருக்கிறது, எனவே பலர் 6ஐ அப்படியே பார்த்து எழுதிவிடுவார்கள். அங்கே ‘இதுவே காரணம்’ என்றுதான் இருக்கிறது. ‘இது’ எது? ஒரு வாக்கியம் மேலே ஏறினால் 5. ‘கணவாயில் தடுக்க மலை இல்லாததால் பருவக்காற்று வேகம் குறையாமல் கிழக்கே நுழைகிறது, அதனால் காற்றாலைகள் விடாமல் சுழல்கின்றன.’ பத்தியில் இது, அது, இதனால், அவ்வாறு, அவர்கள் என்ற சொற்களைக் கண்டால் அங்கிருந்து மேல் வாக்கியத்துக்கு ஓர் அம்புக்குறி போடுங்கள். இந்த ஓர் அம்புக்குறிப் பழக்கம் மற்ற எல்லாக் குறிப்புகளையும்விட அதிக மார்க் தரும்.

கேள்வி இ: ‘நெடுஞ்சுவர்’ எனப்படுவது எது? ‘நீளமான சுவர்’ என்று எழுதினால் மார்க் இல்லை. அது சொல்லின் பொருள். கேட்டது, பத்தியில் அந்தச் சொல் எதைக் குறிக்கிறது என்பதை. வாக்கியம் 1இல் உள்ள மேற்குத் தொடர்ச்சி மலை. சொற்பொருள் கேள்விகளில் அகராதிப் பொருள் உதவாத இடங்கள் உண்டு. நீங்கள் எழுதிய விடையை அந்தச் சொல்லின் இடத்தில் வைத்து வாக்கியத்தைத் திரும்பப் படியுங்கள். பொருந்தினால் சரி.

கேள்வி ஈ: கணவாய் இருக்கும் இடத்தை மலை அடைத்திருந்தால் பாலக்காட்டின் கோடை எப்படி இருந்திருக்கும்? இந்த விடை பத்தியில் எழுதப்பட்டிருக்காது, ஆனால் அதற்கான படிகள் இருக்கும். வெப்பக்காற்று திறப்பின் வழியே புகுகிறது (7), அதனால் வெயில் கடுமை (8). திறப்பு இல்லையென்றால் அந்தக் காற்று வராது, வெயிலின் கடுமை குறைந்திருக்கும். ஊகக் கேள்விக்கு இரண்டு வாக்கிய எண்ணாவது கிடைக்க வேண்டும். ‘மரம் நட்டால் வெயில் குறையும்’ என்று எழுதினால் அது உண்மையே என்றாலும் பூஜ்யம்.

கேள்வி உ: பத்தியில் கூறப்படாதது எது? தெரிவுகளில் ஒன்று ‘வாளையாறு ரயில் பாதையை யானைகள் கடக்கின்றன’ என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாலக்காட்டுக்காரருக்கு இது உண்மை என்று தெரியும், எனவே ‘பத்தியில் இருக்கிறது’ என்றே மனம் நம்பிவிடும். எண் போட்டுப் பாருங்கள்: ஒன்பது வாக்கியத்தில் யானையே இல்லை. விடை அதுதான்.

கேள்வி ஊ: தலைப்பு தருக. ‘காற்றாலைகள்’ என்றால் ஒரு வாக்கியத்துக்கு மட்டும் பொருந்தும், சிறியது. ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ என்றால் பத்தியைவிடப் பெரியது. ‘பாலக்காட்டுக் கணவாயும் காற்றும்’ என்பது பெரும்பாலான வாக்கியங்களை மூடுகிறது. தலைப்பை ஒவ்வொரு வாக்கியத்தின் மேலும் வைத்துப் பாருங்கள். பாதிக்கு மேல் பொருந்தினால் போதும்.

படி 4: மார்க்குக்கு ஏற்ற அளவில் எழுதுங்கள்

ஒரு மார்க்குக்கு ஒரு சொல் அல்லது தொடர். இரண்டு மார்க் என்றால் இரண்டு கருத்து, நான்கு என்றால் நான்கு. ஒரே கருத்தை நான்கு விதமாகச் சொன்னாலும் அது ஒன்றுதான். ‘சொந்த நடையில் எழுதுக’ என்று இருந்தால் பத்தியின் வாக்கியத்தை அப்படியே பெயர்க்கக் கூடாது. முதலில் சொல்லை மாற்றாமல் வாக்கியத்தின் வரிசையை மாற்றிப் பழகுங்கள், அது எளிது. பிறகு சொற்களை மாற்றலாம்.

அறிவிப்பு வகைக் கேள்விகள்

பத்திக்குப் பதிலாக அறிவிப்பு, விளம்பரம், அட்டவணை கொடுத்தும் கேட்பார்கள். இதை எளிது என்று நினைப்பவர்கள்தான் தவறவிடுகிறார்கள். இப்படி ஒன்று:

‘குழாய் பராமரிப்பு காரணமாக 12ஆம் தேதி காலை 8 மணி முதல் 14ஆம் தேதி மாலை 5 மணி வரை 3, 4, 6 ஆகிய வார்டுகளில் குடிநீர் வராது. 4ஆம் வார்டில் அங்கன்வாடிக்கு மட்டும் லாரியில் தண்ணீர் வழங்கப்படும். லாரித் தண்ணீருக்கு 11ஆம் தேதிக்கு முன் பெயர் பதிய வேண்டும்.’

11ஆம் தேதி போனால் பதியலாமா? முடியாது. ‘முன்’ என்பதால் 10ஆம் தேதியே கடைசி. ‘11ஆம் தேதிக்குள்’ என்று இருந்தால் 11உம் சேரும். 4ஆம் வார்டில் ஒரு வீட்டுக்கு லாரித் தண்ணீர் கிடைக்குமா? ‘மட்டும்’ என்ற ஒரு சொல் கதவை அடைத்துவிட்டது. 5ஆம் வார்டுக்குத் தண்ணீர் நிற்குமா? அதன் பெயரே இல்லை, நிற்காது. மட்டும், தவிர, உட்பட, முன், வரை, குறைந்தது, மிகாமல் என்ற சொற்களைக் கண்டதும் அடிக்கோடு போடுங்கள். ரேஷன் கடைப் பலகை, பஸ் நிலைய அறிவிப்பு, கரண்ட் பில்லின் பின்பக்கம் என்று இதற்குப் பயிற்சித்தாள் தினமும் கண்ணில் படும்.

எல்லையோரத்துக்கே உரிய ஒரு சிக்கல்

வெளியில் மலையாளம், வீட்டில் தமிழ் என்று இரண்டிலும் புழங்குபவர்களுக்கு, ஒரே ஒலியில் பொருள் மாறும் சொற்கள் குழி பறிக்கும். தமிழ்ப் பத்தியில் ‘வெள்ளம்’ என்றால் பெருக்கெடுத்த நீர். மலையாளத்தில் வெறும் தண்ணீர். ‘அவசரம்’ தமிழில் விரைவு, அங்கே வாய்ப்பு. ‘உபன்யாசம்’ மலையாளத்தில் கட்டுரை, தமிழில் கோயில் சொற்பொழிவு. ‘உத்தரம்’ அங்கே விடை, இங்கே வீட்டின் குறுக்குக் கட்டை. ‘சம்சாரம்’ அங்கே பேச்சு, இங்கே மனைவி. நோட்டின் கடைசிப் பக்கத்தை இதற்கென ஒதுக்கி, கண்ணில் படும்போதெல்லாம் எழுதுங்கள். படிக்கும்போது மட்டுமல்ல, விடை எழுதும்போதும் இவை நுழைந்துவிடும்.

ஆறு வாரக் கணக்கு

வேலை முடிந்து எஸ்டேட் குடியிருப்பான லயத்துக்கோ வீட்டுக்கோ திரும்பியபின் தினமும் 25 நிமிடம் போதும். முதல் இரண்டு வாரம் நாளுக்கு ஒரு பத்தி, நேரம் பார்க்காமல், எண் போடுவதை மட்டும் பழகுங்கள். அடுத்த இரண்டு வாரம் ஒரு பத்திக்கு 15 நிமிடம்: கேள்விக்கு 2, படிக்க 4, எழுத 7, சரிபார்க்க 2. கடைசி இரண்டு வாரம் பழைய வினாத்தாள். ஞாயிறு வகுப்பில் பக்கத்தில் இருப்பவரோடு நோட்டை மாற்றித் திருத்திக்கொள்ளுங்கள். ‘இது எந்த வாக்கியம், அக்கா?’ என்று அவர் கேட்கும்போது விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும். தவறான விடைக்கு வெறும் குறுக்குக்கோடு போட்டு நகராதீர்கள். வினாச்சொல்லை விட்டேனா, ‘இது’வைத் தொடரவில்லையா, சொந்த அறிவை எழுதினேனா என்று ஒரு சொல்லில் காரணம் குறியுங்கள். இரண்டு வாரத்தில் ஒரே காரணம் திரும்பத் திரும்ப வருவது தெரியும், அதற்கு மட்டும் பயிற்சி கூட்டினால் போதும்.

ஆங்கிலப் பத்திக்கும் முறை இதுவே. கூடுதலாக ஒன்று மட்டும்: கேள்வியில் ‘டிட்’ இருந்தால் விடையில் வினைச்சொல் இறந்தகாலத்துக்கு மாற வேண்டும். ‘வேர் டிட் ஷி கோ’ என்பதற்கு ‘ஷி வென்ட் டு சித்தூர்’. ‘ஷி கோ’ என்று எழுதினால் இடம் சரியாக இருந்தும் இலக்கணத்தில் மார்க் குறையலாம். ‘ஒய்’ என்று கேட்டால் ‘பிகாஸ்’ என்று தொடங்குங்கள். முழு வாக்கியம் வரவில்லை என்றால் பத்தியில் உள்ள சரியான தொடரையாவது பார்த்து எழுதிவிடுங்கள். இடத்தைக் காலியாக விடாதீர்கள்.