மலையிலிருந்து பாட்டு அனுப்புகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊட்டியிலோ கோத்தகிரியிலோ ஒரு சின்ன அறையில் மெட்டுப் போட்டு, வரி எழுதி, ரிதம் கட்டி, மிக்ஸும் முடித்து அனுப்புகிறவருக்கு இன்று படுகப் பாட்டு, நாளை தமிழ் மெலடி, அடுத்த வாரம் விளம்பர ஜிங்கிள். எல்லாம் தெரிந்த இவர்தான் அதிகம் இழக்கிறார். நாலு வேலைக்கும் சேர்த்து ஒரே தொகை, ஒரே பெயர்: ‘மியூசிக் புரொடியூசர்’.

அந்தப் பெயரை நம்பி இருந்துவிடுவதுதான் முதல் தவறு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் பாட்டு வரி ஓர் உரிமை, மெட்டு ஓர் உரிமை, ஒலிப்பதிவு தனி உரிமை. ஒலிப்பதிவுக்கு ‘தயாரிப்பாளர்’ என்று சட்டம் சொல்வது, அதை உருவாக்க முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்தவரை. கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து ஒலி சேர்த்தவர் தானாக அந்த இடத்துக்கு வந்துவிடுவதில்லை. ஆகவே பாட்டு முடிந்த அன்றே ஒரு தாளில் வரி யாருடையது, மெட்டில் யாருக்கு எத்தனை சதவீதம், ஒலிப்பதிவு யாருக்குச் சொந்தம் என்று எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். பாட்டு ஓடின பிறகு இந்தப் பேச்சை எடுத்தால் சண்டைதான் மிஞ்சும்.

உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலமும் எல்லையும் குறிக்கச் சொல்லிக் கேளுங்கள். குறிக்காவிட்டால் 5 ஆண்டு, இந்தியாவுக்குள் மட்டும் என்றே சட்டம் கொள்ளும். 2012 திருத்தத்துக்குப் பிறகு, வரிக்கும் மெட்டுக்கும் வரவேண்டிய ராயல்டியை ‘வேண்டாம்’ என்று எழுதி வாங்க முடியாது. அப்படி ஒரு வாசகம் ஒப்பந்தத்தில் இருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள். வரிக்கும் மெட்டுக்கும் ராயல்டி வசூலித்துக் கொடுக்கும் சங்கமான ஐபிஆர்எஸ்ஸில் உறுப்பினரானால் மட்டும் போதாது, ஒவ்வொரு பாட்டையும் அங்கே பதிய வேண்டும்.

மரபு மெட்டை எடுத்து இசையமைப்பாளர் என்று தன் பெயரைப் போடுவது இங்கே நடக்கிற இன்னொரு தவறு. புதிதாகக் கோத்த இசைக்கோப்பு மட்டுமே உங்களுடையது. நீலகிரிப் பழங்குடிகளான கோத்தர்களிடம் தெய்வத்துக்கு வாசிக்கும் மெட்டு வேறு, சாவுக்கு வாசிப்பது வேறு. விசாரிக்காமல் சாவு மெட்டின் மேல் டான்ஸ் பீட்டைப் போட்டால் அது அந்த ஊரையே புண்படுத்தும். பெரியவர்களிடம் கேட்ட பிறகு தொடுங்கள்.

இனி பதிவு. தகரக் கூரையின் கீழ் மழையோடு குரல் பதிந்துவிட்டு ‘பிறகு நீக்கிக்கொள்ளலாம்’ என்று நினைக்காதீர்கள். இரைச்சலை நீக்கும் மென்பொருள் ச, ஸ ஒலிகளையும் சேர்த்துத் தின்றுவிடும். மழைக்கால ஈரம் கண்டென்சர் மைக்கின் உள்ளே இறங்கினால் பதிவில் படபடவென்று வெடிப்புச் சத்தம் விழும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் மைக்கை வையுங்கள். குளிரிலிருந்து சூடான அறைக்குக் கொண்டுவந்தால் அரை மணி நேரமாவது விட்டு, அதன் பிறகு மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட் மின்சாரத்தைக் கொடுங்கள். 24 பிட்டில் பதியும்போது ஒலியளவின் உச்சம் மைனஸ் 10 டெசிபல் வந்தாலே தாராளம்.

வேறு ஸ்டுடியோவுக்கு அனுப்பும்போது, குரல், வாத்தியம் என்று தனித்தனியாக உள்ள ஒவ்வொரு டிராக்கும் பாட்டின் முதல் நொடியிலிருந்தே தொடங்க வேண்டும். இல்லையென்றால் அங்கே ஒன்றோடொன்று பொருந்தாது. மொத்த ஒலியையும் ஓர் அளவுக்கு மேல் போகாமல் அழுத்தும் மாஸ்டர் லிமிட்டரை எடுத்துவிடுங்கள். ஃபைல் பெயரிலேயே டெம்போ, சுருதி, சாம்பிள் ரேட் (நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளந்து பதிகிறோம் என்ற எண்) மூன்றும் இருக்கட்டும். 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிந்ததை மாற்றாமல் 48 என்று எடுத்துக்கொண்டு ஓட்டினால் பாட்டு ஏறத்தாழ 9 சதவீதம் வேகமாகும், சுருதி ஒன்றரை அரைச்சுரம் ஏறும். பாடகி மேல் ஸ்தாயி எட்டாமல் திணறுவார், காரணம் யாருக்கும் பிடிபடாது.