ஞாயிறு ரோஸ்ட்டுக்குச் சைவ விருந்தாளி: வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

இங்கிலாந்தில் ஞாயிற்றுக்கிழமை மதியம் என்றால் பல வீடுகளில் ரோஸ்ட்தான். மாடோ ஆடோ கோழியோ பன்றியோ ஓவனில் வெந்துகொண்டிருக்கும். கூடவே மொறுமொறுப்பான உருளைக்கிழங்கு, கேரட், பார்ஸ்னிப், பிரசல்ஸ் ஸ்ப்ரவுட்ஸ், யார்க்‌ஷயர் புட்டிங் (மைதா, முட்டை, பால் கரைத்து ஓவனில் உப்ப வைப்பது), எல்லாவற்றின் தலையிலும் கிரேவி. இங்கே குடியேறிய தமிழ் வீடுகளிலும் இது பழகிப்போன சமையல். பள்ளியில் ரோஸ்ட் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைகள் விடுவதில்லை. அந்த மேசைக்கு ஒரு சைவக்காரர் வருகிறார் என்றதும்தான் வீட்டில் கையைப் பிசைய ஆரம்பிக்கிறோம். ஊரிலிருந்து வந்திருக்கும் அத்தையாக இருக்கலாம், மகளோடு வேலை பார்க்கும் வெள்ளைக்காரப் பெண்ணாக இருக்கலாம்.

"இறைச்சிக்குப் பதிலா என்ன வைக்கிறது?" என்றுதான் எல்லோரும் யோசிக்கத் தொடங்குகிறார்கள். அங்கேயே வண்டி தடம் மாறிவிடுகிறது. இறைச்சி கண்ணுக்குத் தெரியும். அதை யாரும் தெரியாமல் சாப்பிட்டுவிடப் போவதில்லை. ரோஸ்ட்டில் சைவம் கெடுவதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத இடங்களில்: கிழங்கு வெந்த கொழுப்பில், கிரேவியில், மாவில் கரைந்த முட்டையில். ஆகவே முதலில் எண்ணெயையும் கிரேவியையும் முடிவு செய்யுங்கள். மெயின் என்ன என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

"சைவம்தானே?" என்று கேட்டு விட்டுவிடுவது

பிரிட்டிஷ்காரர் ஒருவர் தன்னை வெஜிடேரியன் என்று சொன்னால், பெரும்பாலும் முட்டையும் பாலும் சாப்பிடுவார். கடைப் பாக்கெட்டில் வெஜிடேரியன் என்று அச்சிட்டிருந்தாலும் அதே கணக்குதான். 1847-இல் ராம்ஸ்கேட்டில் தொடங்கிய வெஜிடேரியன் சொசைட்டி இன்று பொருள்களுக்குத் தரும் முத்திரையும் முட்டையை ஏற்கிறது. திறந்த வெளியில் திரிய விட்ட (ஃப்ரீ ரேஞ்ச்) கோழியின் முட்டையாக இருக்க வேண்டும் என்பதே அதன் நிபந்தனை. நம் அத்தைக்கோ முட்டை என்றாலே அசைவம்.

இந்தக் குழப்பம் புதிதில்லை. 1888-இல் சட்டம் படிக்க லண்டன் வந்த காந்தி இதில் நன்றாக மாட்டிக்கொண்டார். பறவையும் விலங்கும் மட்டுமே இறைச்சி, மீன் பரவாயில்லை என்று ஒரு தரப்பு. உயிருள்ள எதையும் தின்னக்கூடாது, முட்டை பரவாயில்லை என்று இன்னொன்று. முட்டை, பால் எதுவுமே கூடாது என்று மூன்றாவது. சில நாள் முட்டை சாப்பிட்டுப் பார்த்த அவர், இறைச்சி தொட மாட்டேன் என்று அம்மாவுக்குக் கொடுத்த வாக்கை அம்மா எப்படிப் புரிந்துகொண்டிருப்பார் என்று யோசித்து அதை விட்டுவிட்டார். அதற்குப் பிறகு சைவ உணவகத்திலேயே புட்டிங்கிலும் கேக்கிலும் முட்டை இருக்கிறதா என்று விசாரித்துத்தான் சாப்பிட வேண்டியிருந்தது என்று எழுதியிருக்கிறார். இன்று லண்டனில் இறங்கும் நம் ஊர்ச் சைவக்காரருக்கும் அதே நிலைமைதான்.

எனவே இரண்டு நாள் முன்பே போனில் கேட்டுவிடுவது நல்லது. "அத்தை, முட்டை சேர்ப்பீங்களா? கேக்ல இருந்தா பரவாயில்லையா?" இவை இரண்டும் தனித்தனிக் கேள்விகள். முட்டையைக் கையால் தொடாதவர் கேக்கை மறுக்காமல் சாப்பிடுவதும் உண்டு. அடுத்து, ஒரே ஓவனில் இறைச்சியும் இருந்தால் மனசு ஒப்புமா என்று கேளுங்கள். சிலர் தட்டு தனியாக இருந்தால் போதும் என்பார்கள். சிலருக்கு அந்த வாசனையே ஒத்துக்காது. காளான் தொடாதவர்களும் இருக்கிறார்கள், விரத நாளில் வெங்காயம் பூண்டு விலக்குபவர்களும் இருக்கிறார்கள். புரட்டாசிச் சனிக்கிழமைக்கோ கந்த சஷ்டிக்கோ விருந்து வைக்கிறீர்கள் என்றால், வழக்கமாகக் கறி சாப்பிடுபவர்கூட அன்றைக்குச் சைவமாக இருக்கலாம். வெள்ளைக்கார விருந்தாளியிடம் வீகனா என்று கேளுங்கள். வீகன் என்றால் வெண்ணெயும் தேனும்கூடக் கிடையாது.

கிழங்கு வெந்த கொழுப்பு

ரோஸ்ட் உருளைக்கிழங்கு பொன்னிறமாக மொறுமொறுவென்று வருவதற்கு மாட்டுக் கொழுப்போ வாத்துக் கொழுப்போ வேண்டும் என்பது இங்குள்ள பழைய நம்பிக்கை. கிறிஸ்துமஸ் நெருங்கினால் சூப்பர் மார்க்கெட் அலமாரியில் வாத்துக் கொழுப்பு ஜாடிகள் வரிசை கட்டி நிற்கும். உறைய வைத்த கிழங்குப் பாக்கெட் வாங்கினாலும் கவனம் வேண்டும். சிலவற்றில் கொழுப்பை முன்கூட்டியே பூசியிருப்பார்கள். விருந்தாளியோ, "கிழங்குதானே" என்று முதலில் கை வைப்பது அதில்தான்.

சைவக்காரருக்கென்று தனியாக ஒரு சின்னத் தட்டில் எட்டுக் கிழங்கு எண்ணெயில் போடுவது வழக்கமான சமாளிப்பு. எனக்கு அது பிடிப்பதில்லை. மேசையில் இரண்டு கிண்ணம் வந்துவிட்டால் எது எதுவென்று யாருக்கும் நினைவிருக்காது, இரண்டாம் முறை பரிமாறும்போது நிச்சயம் மாறிவிடும். மொத்தக் கிழங்கையும் எண்ணெயிலேயே செய்துவிடுங்கள். ருசியில் யாரும் குறை கண்டுபிடிக்க மாட்டார்கள், செய்முறை சரியாக இருந்தால்.

மாரிஸ் பைப்பர் அல்லது கிங் எட்வர்ட் கிழங்கை உரித்து, பெரிய துண்டுகளாக வெட்டி, உப்புத் தண்ணீரில் 8 முதல் 10 நிமிடம் வேக விடுங்கள். விளிம்பு மட்டும் குழைந்திருக்க வேண்டும். வடித்து, ஆவி அடங்கும்வரை பாத்திரத்தை அப்படியே வையுங்கள். இதை அவசரப்பட்டுத் தவிர்ப்பதால்தான் பல வீடுகளில் கிழங்கு நமத்துப் போகிறது. பிறகு மூடி போட்டு நாலைந்து குலுக்கு. மேல்தோல் பொரபொரவென்று சிராய்த்துக்கொள்ளும். அதன் மேல் ஒரு மேசைக்கரண்டி ரவை தூவுங்கள். ஆமாம், உப்புமா ரவைதான். வெள்ளைக்காரச் சமையலறையிலும் இந்த உத்தி உண்டு. அதற்குள் சூரியகாந்தி எண்ணெய் ஊற்றிய டிரே 200 டிகிரி செல்சியஸ் ஓவனில் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். கிழங்கை வைத்ததும் சுர்ரென்று சத்தம் வரவில்லை என்றால் எண்ணெய் காயவில்லை என்று அர்த்தம். 50 நிமிடம் முதல் ஒரு மணி நேரம், நடுவில் ஒரு முறை திருப்பிவிட்டால் போதும்.

மற்றக் காய்களிலும் இதே பொறி ஒளிந்திருக்கிறது. ஸ்ப்ரவுட்ஸில் பேக்கன் துண்டு, சிவப்பு முட்டைகோஸில் வாத்துக் கொழுப்பு, இறைச்சிக்கு அடியில் மெத்தை மாதிரி அடுக்கிய வெங்காயமும் கேரட்டும். பெட்டியில் வரும் சேஜ்-வெங்காய ஸ்டஃபிங் தூள் பெரும்பாலும் சைவம்தான், ஆனால் அதைக் கோழியின் வயிற்றுக்குள் அடைத்துவிட்டால் கதை முடிந்தது. தனிக் கிண்ணத்தில் வேக வைத்தால் எல்லோருக்கும் ஆகும்.

யார்க்‌ஷயர் புட்டிங்கில் இரண்டு சிக்கல்கள். காய்ந்த மாட்டுக் கொழுப்பில் மாவை ஊற்றுவது பழைய முறை. எண்ணெயிலும் அதே மாதிரி உப்பி வரும், அதனால் அது எளிதில் தீர்ந்துவிடும். ஆனால் மாவில் முட்டை தாராளமாகச் சேர்கிறது. முட்டை இல்லாமல் செய்யும் முறைகள் உண்டுதான், என் கணிப்பில் அவை பணியாரத்துக்கும் பன்னுக்கும் நடுவே எங்கோ நின்றுவிடுகின்றன. முட்டை சேர்க்காதவருக்கு அதைத் தராமல் விட்டுவிடலாம், ஒன்றும் குறைந்துவிடாது.

இரண்டு கிரேவி வேண்டாம்

வழக்கமான கிரேவி, இறைச்சி வெந்த டிரேயின் அடியில் தேங்கும் சாற்றில் செய்வது. அது இல்லாமல் இந்தச் சாப்பாடு வறண்டுபோகும். சைவக்காரரின் தட்டும் அப்படித்தான். ஆனால் பல வீடுகளில் கடைசி நிமிடத்தில்தான் கிரேவி ஞாபகம் வருகிறது. அலமாரியில் இருக்கும் ஸ்டாக் கட்டியைக் கரைத்து ஊற்றிவிடுகிறார்கள். மாட்டிறைச்சி ஆக்ஸோ கட்டியில் மாடு இருக்கிறது. காய்கறி ஆக்ஸோ தனி. பிஸ்டோவின் சாதாரணக் கிரேவித் துகள்களில் இறைச்சி இல்லை, அதே பெயரில் வரும் வேறு சில வகைகளில் உண்டு. ருசிக்காக ஊற்றும் லீ அண்ட் பெரின்ஸ் வூஸ்டர் சாஸில் நெத்திலி வகை மீன் சேர்கிறது. போவ்ரில் மாட்டுச் சாறு. பார்வைக்கு அதே மாதிரி கருப்பாக இருக்கும் மார்மைட் ஈஸ்ட்டிலிருந்து எடுத்தது, அதைத் தாராளமாகச் சேர்க்கலாம்.

முந்தின நாளே ஒரு நல்ல வெங்காயக் கிரேவி வைத்துவிட்டால் இந்தக் கவலையே இல்லை. மூன்று பெரிய வெங்காயத்தை மெலிதாக அரிந்து, எண்ணெயில் மிதமான தீயில் அரை மணி நேரம் வதக்குங்கள். பிரியாணிக்கு வறுக்கிற மாதிரி அவசரம் கூடாது, மெதுவாகச் சுண்டிப் பழுப்பாக வேண்டும். இரண்டு மேசைக்கரண்டி மைதா போட்டுக் கிளறி, 600 மில்லி சூடான காய்கறி ஸ்டாக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, ஒரு தேக்கரண்டி மார்மைட், சிறிது சோயா சாஸ். பத்து நிமிடம் கொதித்தால் போதும். இதையே எல்லோருக்கும் வையுங்கள். இரண்டு கிரேவி ஜாடி, ஒரே கரண்டி என்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இப்போது மெயினுக்கு வரலாம்

"காயெல்லாம் நிறைய இருக்கே, அதுவே போதும்" என்பது ஒரு கோடி. மற்றவர்கள் தட்டில் இறைச்சி, இவர் தட்டில் கிழங்கும் கேரட்டும் மட்டும் என்றால் வயிறும் நிறையாது, மனசும் நிறையாது. முழுக் காலிஃபிளவரை ரோஸ்ட் செய்து வைப்பது இப்போது நாகரிகம். பார்க்க அழகு, ஆனால் அதுவும் இன்னொரு காய்தான். பருப்போ கடலையோ நட்ஸோ பனீரோ ஏதாவது உள்ளே இருக்க வேண்டும். மறு கோடி, பனீர் பட்டர் மசாலா செய்து வைத்துவிடுவது. அத்தை சந்தோஷப்படலாம், ஆனால் அந்தக் குழம்போடு கிரேவியும் மின்ட் சாஸும் ஒட்டாது. எல்லோரும் ஒன்று சாப்பிட, அவர் மட்டும் வேறெதையோ சாப்பிடுவார்.

நட் ரோஸ்ட் இங்கே பழைய சைவப் பதில். மரத்தூள் மாதிரி இருக்கும் என்ற கெட்ட பெயரும் அதற்கு உண்டு, ஈரம் போதாமல் செய்வதால். 150 கிராம் நட்ஸுக்கு 200 கிராம் பொடியாக நறுக்கி வதக்கிய காளான், வேக வைத்து மசித்த மசூர் பருப்பு ஒரு கப், 100 கிராம் பிரட் தூள் என்று போனால் வறட்சி இல்லை. காளான் ஆகாதவருக்குத் துருவிய கேரட்டும் பூசணியும். முட்டைக்குப் பதிலாக ஒரு மேசைக்கரண்டி ஆளி விதைப் பொடியை மூன்று கரண்டித் தண்ணீரில் ஊற வைத்துச் சேர்த்தால் பிடித்துக்கொள்ளும். 180 டிகிரியில் 45 நிமிடம். எடுத்ததும் வெட்டாதீர்கள், கால் மணி நேரம் ஆறினால்தான் துண்டு துண்டாக நிற்கும். யாருக்காவது நட் அலர்ஜி இருக்கிறதா என்று கேட்காமல் இதைச் செய்யவே கூடாது.

இன்னொரு வழி, பருப்போ நட்ஸோ சேர்ந்த பூரணத்தைப் பஃப் பேஸ்ட்ரியில் சுற்றிச் சுடும் வெலிங்டன். பேஸ்ட்ரி மேல் பளபளப்புக்கு முட்டை பூசுவது கை பழக்கம். பால் பூசினால் போதும். கடையில் வாங்குவதானால், இறைச்சிக்குப் பதிலாக விற்கும் குவார்ன் பொருள்கள் பலவற்றில் முட்டை வெள்ளை சேர்கிறது, வீகன் வகைகளில் இல்லை.

எதைச் செய்தாலும் ஒரே ஒரு ஆளுக்கு அளந்து செய்யாதீர்கள். இறைச்சி சாப்பிடுபவர்கள் "எனக்கும் கொஞ்சம் ருசி பார்க்க" என்று ஆளுக்கொரு துண்டு எடுப்பார்கள்; பாத்திரம் கடைசியாகச் சைவக்காரரிடம் வரும்போது அடியில் தூள்தான் இருக்கும். எட்டுப் பேர் விருந்தில் ஒருவர் சைவம் என்றால் நாலு பேருக்காவது ஆகட்டும். பாத்திரமும் முதலில் அவரிடமே போகட்டும்.

ஓவன் ஒன்றுதான் இருக்கிறது என்பது எல்லா வீட்டுக் கவலை. இறைச்சி கீழ்த்தட்டு, சைவம் மேல்தட்டு. தெறிப்பதும் சொட்டுவதும் அப்போது பிரச்சினை ஆகாது. மாட்டு ரோஸ்ட்டை வெட்டுமுன் எப்படியும் அரை மணி நேரம் வெளியே ஆற வைக்க வேண்டும். அந்த நேரத்தில் ஓவன் முழுக்கக் காலி. வெலிங்டனையும் கிழங்கின் கடைசிப் பொரியலையும் அதற்குள் முடிக்கலாம். இடுக்கியும் கத்தியும் இரண்டு செட் எடுத்து வையுங்கள்.

லேபிள் படிக்கும்போது ஒரு விஷயம். பிரிட்டனில் 14 அலர்ஜிப் பொருள்களைப் பாக்கெட்டில் எடுப்பாகக் காட்ட வேண்டும், வழக்கமாகத் தடித்த எழுத்தில். முட்டை, பால், மீன் அதில் அடங்கும், அதனால் முட்டையைச் சட்டென்று பிடித்துவிடலாம். ஜெலட்டினும் (விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது) மாட்டுக் கொழுப்பும் அந்தப் பட்டியலில் இல்லை. சாதாரண எழுத்தில் நடுவில் கிடக்கும். தடித்த எழுத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போனால் ஏமாந்துவிடுவோம். காலிஃபிளவர் சீஸில் பார்மிஜானோ ரெஜ்ஜானோ தூவினால், அந்தச் சீஸுக்குப் பாலை உறைய வைப்பது கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் என்ற நொதி. செடார் பாக்கெட்டில் வெஜிடேரியன் என்று போட்டிருப்பதை வாங்குங்கள்.

இனிப்பில் டிரைஃபிள் (கேக், ஜெல்லி, கஸ்டர்ட் அடுக்கியது) வேண்டாம், ஜெல்லியில் பெரும்பாலும் ஜெலட்டின். கிறிஸ்துமஸ் புட்டிங்கில் பழைய முறைப்படி மாட்டுக் கொழுப்பு உண்டு. கடைகளில் தாவரக் கொழுப்பில் செய்தது தாராளமாகக் கிடைக்கிறது, ஆனால் முட்டை இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். பிராண்டி ஊற்றிக் கொளுத்தும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், அத்தைக்கு வேறு இனிப்பு வையுங்கள். ஆப்பிள் க்ரம்பிள் முட்டை சேர்க்காதவருக்கும் பொருந்தும். அதன் மேல் ஊற்றக் கஸ்டர்ட் வேண்டும் என்றால் குளிர்பெட்டியில் இருக்கும் ரெடிமேட் டப்பாவை எடுக்காதீர்கள், அதில் பெரும்பாலும் முட்டை மஞ்சள் இருக்கும். பேர்ட்ஸ் கஸ்டர்ட் பவுடர் வாங்குங்கள். 1837-இல் பர்மிங்காமில் ஆல்ஃப்ரெட் பேர்ட் அதைக் கண்டுபிடித்ததே, மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது என்பதற்காகத்தான்.