வீணை பார்சலில் வருகிறதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆன்லைனில் கித்தார் வாங்குவதும் வீணை வாங்குவதும் ஒன்றல்ல. விரல் வைத்து அழுத்தும் மெட்டுக் கம்பிகள் கித்தாரில் மரத்தில் அறைந்து இறக்கப்பட்டவை. தஞ்சாவூர் வீணையின் 24 மெட்டுகளோ நீண்ட கழுத்தான தண்டியின் இரு ஓரத்திலும் மெழுகால் எழுப்பிய வரம்பில் உட்கார்ந்திருப்பவை. தந்திகளைத் தாங்கும் குதிரை, உருண்டையான குடத்தின் மேல் நிற்பது தந்தி அழுத்திப் பிடிப்பதால்தான். தண்டியின் முனையில் செதுக்கிய யாளி முகத்துக்குப் பக்கத்தில் தொங்கும் சுரைக்காய் கழற்றி மாட்டக்கூடியது. பட்டறையிலிருந்து கிளம்பிய வீணை நம் வீட்டில் சுருதி சேரும் வரை கெட்டுப்போக இத்தனை வழி இருக்கிறது. பணம் கட்டிவிட்டு "அனுப்பியாச்சா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருப்பதுதான் முதல் தவறு. கேட்க வேண்டியது எப்படி அனுப்புகிறார்கள் என்பதை.

அதற்கும் முன்னால், வாங்குவது கையிருப்பில் உள்ள வீணையா, இனிமேல்தான் செய்யப்போகிறார்களா என்று தெரிந்துகொள்ளுங்கள். படத்தில் பார்ப்பது பல நேரம் மாதிரி மட்டுமே. செய்துதரும் வீணை என்றால் அவசரப்படுத்தாதீர்கள். சரியாகக் காயாத பலா மரம் பிறகு விரிசல் விடும். அதை எந்த மெருகும் மறைக்காது. குடம், தண்டி, யாளி மூன்றும் ஒரே மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணைக்கு விலை அதிகம், தனித்தனியாகச் செய்து ஒட்டிய வீணைக்குக் குறைவு. ஒட்டிய இடத்தை அலங்காரப் பட்டை மூடிவிடும் என்பதால், பட்டை ஒட்டுவதற்கு முந்தைய படத்தைக் கேட்டு வாங்குங்கள். ஏகாண்டம் என்றால் மரத்தின் ரேகை குடத்திலிருந்து தண்டிக்குத் தடையில்லாமல் ஓடும். ஆர்டரின் பேரில் செய்த பொருளைத் திருப்பி எடுப்பார்களா என்பதையும் அப்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள். பலர் எடுப்பதில்லை.

பேக்கிங்கில் நடக்கும் தவறுகள் இரண்டு விதம். தந்திகளை முழு முறுக்கில் விட்டு அனுப்புவது ஒன்று. வழியில் ஓர் அடி விழுந்தால் அந்த இழுவிசை முழுவதும் குதிரையிலும், தந்தியை முறுக்கும் முளைகளான பிரடைகளிலும் இறங்கும். தந்திகளை மொத்தமாகக் கழற்றி அனுப்புவது இன்னொன்று. பிடிப்பை இழந்த குதிரை பெட்டிக்குள் உருண்டு குடத்தின் பலகையைக் கீறும். ஏழு தந்திகளையும் தொய்வாக இறக்கி, குதிரையைக் கழற்றித் துணியில் சுற்றித் தனியாக வைப்பதே சரி. கழற்றும் முன் குதிரை நின்ற இடத்தைப் பென்சிலால் குறித்து, பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இந்தப் படம் இல்லாவிட்டால் பிறகு தவிக்க வேண்டியிருக்கும். சுரைக்காயும் தனியே வரட்டும். யாளி முகம் பெட்டியின் சுவரைத் தொடக்கூடாது. குறைந்தது நான்கு விரல் கனத்துக்கு ஸ்பாஞ்ச் வேண்டும். எந்தக் கட்டைக்கு, அதாவது எந்தச் சுருதி அளவுக்குத் தந்தி போட்டிருக்கிறார்கள் என்றும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். மூன்று கட்டைக்குப் போட்ட தந்தியை ஐந்துக்கு ஏற்றினால் அறுந்துவிடும்.

அனுப்பும் செலவைக் கேட்டதும் பலர் அதிர்ந்துபோகிறார்கள். கூரியரில் எடையைப் போலவே பெட்டியின் அளவுக்கும் கணக்கு உண்டு. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது பரவலான முறை. 140, 45, 45 அளவுள்ள பெட்டி, உள்ளே இருக்கும் வீணையின் எடை எதுவானாலும், 56.7 கிலோவாகக் கணக்காகும். இதற்குப் பயந்து பெட்டியைச் சுருக்கச் சொல்வது தவறு, குறைவது ஸ்பாஞ்ச்தான். லாரி பார்சலிலோ ஆம்னி பஸ் பார்சலிலோ போடலாம். ஆனால் டோர் டெலிவரியா, கோடவுனுக்குப் போய் எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். கோடவுன் என்றால் வந்த அன்றே எடுத்துவிடுங்கள். கட்டணத்தை மிச்சப்படுத்த மதிப்பைக் குறைத்துக் காட்டுவதும் வேண்டாம். உடைந்தால் அந்தக் குறைந்த மதிப்புக்கு மேல் கேட்க முடியாது.

சித்திரை, வைகாசியில் முடிந்தால் வரவழைக்காதீர்கள். சுத்தமான தேன்மெழுகு உருகுவது 62 முதல் 64 டிகிரி செல்சியஸில். இளகத் தொடங்குவதோ அதற்கு வெகு முன்பே. தகரக் கூரை வண்டியில் உச்சி வெயிலில் கிடக்கும் பெட்டிக்குள் மெழுகு முழுதாக உருக வேண்டியதில்லை, கொஞ்சம் நெகிழ்ந்தாலே மெட்டு சாய்ந்துவிடும். கோடவுனிலிருந்து எடுத்துவரும் வழியில் பெட்டியை மூடிய காரில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போவதும் இதே கதைதான்.

பெட்டி வாசலுக்கு வந்ததும் ஓடிபி சொல்லிவிடாதீர்கள். ஆறு பக்கமும் பாருங்கள். மூலை நசுங்கியிருந்தால், கையெழுத்துப் போடும் இடத்திலேயே "பெட்டி சேதம்" என்று எழுதிவிட்டு வாங்குங்கள். வீடியோவை டேப் வெட்டும் முன்பே, முகவரிச் சீட்டிலிருந்து தொடங்கி, நடுவில் நிறுத்தாமல் எடுக்க வேண்டும். பாதியில் தொடங்கிய வீடியோவை விற்பவர்கள் ஏற்க மறுப்பது வழக்கம். சேதம் இருந்தால் பேக்கிங்கைத் தூக்கி எறியாதீர்கள். இணைய விற்பனைக்கான 2020-ஆம் ஆண்டு நுகர்வோர் விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். அதற்கும் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இனி வீணைக்கு வருவோம். வெயிலில் வந்த பெட்டியை உடனே ஏசி அறையில் திறக்காமல், சாதாரண அறையில் ஓர் இரவு கிடக்க விடுங்கள். மறுநாள் டார்ச் அடித்துக் குடத்தின் ரேகை ஓடும் திசையிலும் பிரடைத் துளைகளைச் சுற்றியும் பாருங்கள். விரிசல் முதலில் தென்படுவது அங்கேதான். பிறகு குதிரையைக் குறியில் நிறுத்தித் தந்திகளை மெல்ல ஏற்றுங்கள். ஒரே மூச்சில் சுருதிக்குக் கொண்டுபோவது பெரிய தவறு. எல்லாத் தந்திகளையும் பாதி அளவு ஏற்றி, ஒரு மணி நேரம் விட்டு, மீதியை ஏற்றுங்கள். பிரடை வழுக்கினால் சாக்பீஸ் பொடி தடவினால் போதும், சுத்தியால் தட்ட வேண்டாம்.

முதல் தந்தியான சாரணியை எந்த மெட்டிலும் அழுத்தாமல் மீட்டி, 12-ஆவது மெட்டில் மேல் ஷட்ஜம் (மேல் ஸ்தாயி ஸ) சேர்கிறதா பாருங்கள். ஏறி ஒலித்தால் குதிரையை மெட்டுகளிலிருந்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விலக்கிவையுங்கள். இறங்கி ஒலித்தால் அதே அளவு மெட்டுகளின் பக்கம் நகர்த்துங்கள். நகர்த்தும் முன் தந்தியைத் தளர்த்துவது அவசியம். ஷட்ஜம் சேர்ந்த பிறகும் நடுவில் இரண்டு மூன்று மெட்டுகள் மட்டும் பிசகினால் மெழுகு அசைந்திருக்கிறது என்று பொருள். மெழுகுவர்த்தியைக் காட்டியோ ஹேர் டிரையரை வைத்தோ நீங்களே சரிசெய்யப் பார்த்தால் இருக்கும் மெட்டுகளும் போய்விடும். மெழுகில் மெட்டுகளைச் சுருதிப்படி பதிக்கும் வேலைக்கு மேளம் கட்டுதல் என்று பெயர். அதைச் செய்பவரைக் கூப்பிடுங்கள். புது வீணையானாலும் மேளம் என்றைக்கும் அப்படியே நிற்காது என்பதால், பயணத்துக்குப் பிறகு ஒருமுறை கட்டுவதற்கான செலவை வாங்கும்போதே சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள்.