பூசணிப் பிஞ்சு வெம்பி விழுவது நின்றது

பூசணிக்கொடி தளதளவென்று படர்ந்து, பூவும் நிறையப் பூத்தது. ஆனால் ஒரு காய்கூட நிலைக்கவில்லை. கோலிக்குண்டு அளவிலேயே பிஞ்சு மஞ்சளாகி, நுனி அழுகி விழுந்துவிடும். சத்துக் குறைவு என்று நினைத்து எருவைக் கூட்டினேன், இலைதான் பெருத்தது.

ஒருநாள் விடியலிலேயே போய்க் கொடியருகில் உட்கார்ந்தேன். பூக்கள் விரிந்திருந்தன, ஒரு தேனீகூட வரவில்லை. பூசணி மகரந்தம் பிசுபிசுப்பானது, காற்றில் பரவாது. அப்போதுதான் காரணம் புரிந்தது: ஆண் பூவின் மகரந்தம் பெண் பூவுக்குப் போய்ச் சேரவே இல்லை.

மறுநாள் காலை 7 மணிக்குள் நானே மகரந்தம் சேர்த்தேன். பெண் பூவுக்கு அடியில் குட்டிக் காய் இருக்கும். ஆண் பூ வெறும் காம்பில் நிற்கும். அன்று விரிந்த ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் கிள்ளிவிட்டு, மகரந்தம் ஒட்டியிருக்கும் நடுத்தண்டைப் பெண் பூவின் சூல்முடியில் (பூவின் நடுவில் மகரந்தத்தை ஏற்கும் பகுதி) மெதுவாகத் தடவினேன். சூல்முடி பெரும்பாலும் மூன்று மடலாக இருக்கும். எல்லா மடலிலும் மகரந்தம் ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் காய் கோணிக்கொள்ளும். இந்த இடத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். தூரிகையாலும் செய்யலாம், எனக்கென்னவோ பூவாலேயே தடவுவதுதான் திருப்தி.

வெயில் ஏறினால் பூ சுருங்கிவிடும், பிறகு பயனில்லை.

நான்கைந்து நாளில் பிஞ்சு வாடாமல் பருக்கத் தொடங்கியது. தொட்டுப் பார்த்தபோது அத்தனை சந்தோஷம்!